ஆறு ராஜராஜன்களும் ஒரு காலிக் குடமும்

குடியரசு தினத்தன்று டிவியில் மாநிலங்களின் அலங்கார ஊர்திகள் வரிசையாகப் போகும் இல்லையா, அது ஒரு போட்டி என்று நம்மூரில் நிறையப் பேருக்குத் தெரியாது. தில்லியில் பத்தொன்பது குளிர்காலம் தள்ளிய எனக்கு அதுதான் அணிவகுப்பின் சுவாரசியமே. பீரங்கியும் விமானமும் எல்லா வருஷமும் ஒரே மாதிரிதான். எந்த மாநிலத்துக்கு எத்தனையாவது பரிசு என்பதில்தான் ஆபீஸ் கேன்டீனில் சண்டை வரும்.

பரிசு கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய வடிகட்டல்தான் பெரிய கதை. மாநிலங்கள் முதலில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கருத்தும் வரைபடமும் அனுப்ப வேண்டும். ஓவியம், சிற்பம், இசை, கட்டடக்கலை, நடனம் தெரிந்தவர்கள் அடங்கிய நிபுணர் குழு பார்த்து, இதை மாற்று அதை எடு என்று சொல்லும். மாற்றிக்கொண்டு போனால் அடுத்த சுற்று. அப்புறம் மாதிரி உருவம், அப்புறம் பாட்டு. இடையில் எந்தச் சுற்றிலும் வெளியே போகலாம். ஊர்தியில் வாசகம் எதுவும் எழுதக்கூடாது. மாநிலத்தின் பெயர் மட்டும், முன்னால் இந்தியில், பின்னால் ஆங்கிலத்தில், பக்கவாட்டில் அவரவர் மொழியில். நம் கல்யாண வேனில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அளவுக்குக்கூட சுதந்திரம் கிடையாது :-)

தமிழ்நாடு 2021-இல் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலோடு பல்லவர் காலத்தைக் கொண்டு வந்தது. 2022-இல் வேலு நாச்சியார், மருது சகோதரர்கள், வ.உ.சி., பாரதியார் இருந்த ஊர்தி தேர்வாகவில்லை. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், பெரிய சர்ச்சையானது, கடைசியில் அந்த ஊர்தி சென்னையில் நடந்த குடியரசு தின விழாவில் ஓடியது. 2024-இல் பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தார்களே, அந்தக் குடவோலை முறை. ஜனநாயகத்தின் தாய் என்ற தலைப்பில் போனது. நடுவர்கள் ஒடிசாவுக்கு முதல் பரிசும் குஜராத்துக்கு இரண்டாவதும் நமக்கு மூன்றாவதும் கொடுத்தார்கள். மக்கள் இணையத்தில் போட்ட ஓட்டில் குஜராத் முதலிடம், நமக்கு முதல் மூன்றில் இடம் இல்லை. ஓலை போட்டு ஆள் எடுத்ததைக் காட்டிய ஊர்தி ஓட்டில் தோற்று, நடுவர் தீர்ப்பில் ஜெயித்தது. இதை நான் கேன்டீனில் சொன்னபோது சிரித்தது ஒரு மலையாளி மட்டும்தான்.

அந்த வருஷம் செங்கோட்டை எதிரே பாரத் பர்வ் என்று ஊர்திகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தங்கமணியும் நானும் பையனைக் கூட்டிக்கொண்டு போனோம். டிவியில் சில விநாடியில் கடந்து போவதைக் கிட்ட நின்று பார்ப்பது வேறு. எனக்குச் சொந்த ஊர் வந்தவாசி. காஞ்சிபுரம் போகும்போது உத்திரமேரூர் வழியாகப் போனதுண்டு. சின்ன வயசில் அங்கே இறங்கி டீ குடித்த ஊர் தில்லியில் சக்கரத்தின் மேல் நிற்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தொண்டை அடைத்தது. உண்மையைச் சொல்வதில் என்ன?

பழைய காலத்தை வேஷம் கட்டி, அதற்கு மார்க்கும் போடுகிற பழக்கம் உலகம் பூராவும் இருக்கிறது. பென்சில்வேனியாவில் இருக்கும் என் சித்தி பையன் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து மணிக்கணக்கில் பேசினான். 1966-இல் கலிபோர்னியாவில் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்த சங்கம். ஐரோப்பாவின் இடைக்காலத்தை உடுத்தி, உண்டு, சண்டை போட்டு அனுபவிக்கிறவர்கள். ஆகஸ்டில் அங்கே பென்சிக் என்று ஒரு மாபெரும் முகாம், பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் கூடாரம் அடித்து உட்காருவார்கள். சண்டையில் ஜெயித்தவர்தான் ராஜா. நிஜமாகவே கிரீடம் வைத்து, பெரும்பாலும் ஆறு மாதம் போல ஆட்சி. வாரிசு அரசியலுக்கு இடமில்லை!

எனக்குப் பிடித்தது அவர்கள் தீர்ப்புச் சொல்கிற முறை. பிரம்பால் செய்த வாளால்தான் அடிப்பார்கள், கவசம் போட்டிருப்பார்கள். ஓரத்தில் கண்காணிப்பவர்கள் நிற்பார்கள், ஆனால் அவர்கள் வேலை யாருக்கும் எலும்பு முறியாமல் பார்ப்பது. அடி சரியாக விழுந்ததா என்பதை அடி வாங்கியவன்தான் சொல்ல வேண்டும். 'பட்டுவிட்டது' என்று அவன் விழுந்தால்தான் விழுந்தது. நம்மூர்ச் சிலம்பத்தில் இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. கம்பு நுனியில் சாம்பலோ வண்ணப்பொடியோ தடவி, யார் மேல் எத்தனை பொட்டு என்று எண்ணுகிற வழக்கம் உண்டு. நாம் உஷார் பார்ட்டிகள்.

கைவேலைப் போட்டிகளும் உண்டாம். ஒரு அம்மா சட்டை தைத்துக்கொண்டு வந்தால், தையல் அழகாக இருந்தால் மட்டும் போதாது. இந்தத் தையல் அந்த நூற்றாண்டில் அந்த ஊரில் இருந்தது என்பதற்குப் புத்தகம், ஓவியம், அருங்காட்சியகத் துணி என்று ஆதாரக் கட்டு ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். கட்டு சரியில்லை என்றால் மார்க் குறையும். நான் ஆடிட்டர். இதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. வவுச்சர் இல்லாமல் எதுவும் நிற்காது என்று வாழ்நாள் பூரா சொல்லிக்கொண்டிருப்பவன் அல்லவா.

சரி, இனி எங்கள் போட்டி.

தென் தில்லியில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலையொட்டிப் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஏதாவது நடத்துவோம். சங்கம், பதிவு எண் என்றெல்லாம் எதுவும் இல்லை. 2025 ஜனவரியில் 'மன்னர் காலம்' என்று தலைப்புக் கொடுத்து மாறுவேடமும் குறுநாடகமும் வைத்தோம். இடம் மதராசி கேம்ப்.

வெளியூர்க்காரர்களுக்காக: ஜங்புராவுக்கும் நிஜாமுதீனுக்கும் நடுவே, பாராபுல்லா சாக்கடையை ஒட்டி இருந்த தமிழ்க் குடியிருப்பு. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நம் ஜனங்கள் இருந்தார்கள். ஆண்கள் கூலி, டிரைவர், கடை வேலை. பெண்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை. பிள்ளைகள் நிறையப் பேர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளியில். உள்ளே நுழைந்தால் முதல் சந்திலேயே கோலம் இருக்கும், இரண்டாவது சந்தில் கருவாட்டு வாசனை வரும். சாக்கடை வாசனையும்தான், அதை மறைப்பானேன். கூப்பிடு தூரத்தில் ஜஹாங்கீர் காலத்தில், 1621-22-இல் கட்டிய பழைய பாராபுல்லா பாலம். மன்னர் காலப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி தில்லியில் எந்த ஏசி ஹாலில் கிடைக்கும்?

நடுவர்கள் மூன்று பேர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற சார். நான். மார்க் ஷீட்டைத் தயாரித்தது ஆபீசர் சார்தான். ஆடை 10, வசனம் 10, உச்சரிப்பு 10, வரலாறு 10, கூட்டு முயற்சி 10. கீழே மூன்று கையெழுத்துக்குக் கோடு. ஃபைல் எண் போடாததுதான் பாக்கி.

மாறுவேடத்தில் ஆறு ராஜராஜ சோழர்கள் வந்தார்கள். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு எல்லாருக்கும் அந்தத் தலைமுடி வேண்டியிருக்கிறது. மிட்டாய்ப் பெட்டியின் தங்கக் காகிதத்தில் கிரீடம், கண்மையில் மீசை, அம்மாவின் பட்டுப் புடவை மேலாடை. ஒரு கட்டபொம்மன். அவர் 1799-இல் தூக்கிலிடப்பட்டவர், இடைக்காலம் எங்கே அவர் எங்கே. ஆனால் கட்டபொம்மன் இல்லாமல் மாறுவேடப் போட்டி நடத்த எந்தத் தமிழனாலும் முடியாது. எல்லாக் கட்டபொம்மன்களும் 1959-இல் வந்த சிவாஜி படத்தில் பிறந்தவர்கள். இவனும் அப்படியே புருவத்தைத் தூக்கினான்.

முதல் தகராறு ஸ்வெட்டரில் வந்தது. மூன்றாவது ராஜராஜன் பட்டுக்கு அடியில் பச்சை நிறப் பள்ளி ஸ்வெட்டர் போட்டிருந்தான், கழுத்தில் எட்டிப் பார்த்தது. ஆபீசர் சார் ஆடையில் நாலு மார்க் வெட்டினார். "காலப் பிழை சார், அப்பட்டமான காலப் பிழை" என்றார்.

"ஜனவரியில தில்லிக்கு வந்திருந்தா ராஜராஜனும் ஸ்வெட்டர்தான் சார் போட்டிருப்பார்" என்றார் டீச்சர். நான் டீச்சர் பக்கம். அன்று வெயிலே எட்டிப் பார்க்கவில்லை, கட்டபொம்மன் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

உச்சரிப்பு இன்னொரு வம்பு. தில்லியில் பிறந்த குழந்தைகள். வீட்டில் தமிழ், சந்தில் இந்தி. 'சோழ' என்பது 'சோளா' என்று வரும். நம்மூரிலேயே அப்படித்தான் வருகிறது என்பது வேறு விஷயம். ஒரு ராஜராஜன் "நான் தஞ்சாவூர்க்கு ராஜா ஹூம்" என்று முடித்தபோது கூட்டம் உருண்டு சிரித்தது. அவன் அழவில்லை, தானும் சிரித்துவிட்டு வணக்கம் போட்டுப் போனான். ராஜ களை அவனிடம்தான் இருந்தது.

நாடகத்துக்கு வருகிறேன். ராணி மங்கம்மாள் ஒன்று, மிக நன்றாகச் செய்தார்கள். ஒரு நாயன்மார் கதை. மூன்றாவதாகக் குடவோலை. முந்தின வருஷம் ஊர்தி வந்ததில் பிள்ளைகளுக்கு அது பழகியிருந்தது. கேம்ப்பைச் சேர்ந்த ஆறு பெண்கள், ஒரு பொடியன். ஸ்டீல் குடத்துக்குப் பழுப்புக் காகிதம் சுற்றி மண்குடமாக்கியிருந்தார்கள். தலைமை ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அவள்தான் சபையின் மத்தியஸ்தர், தோளில் அப்பாவின் துண்டு.

எடுத்த எடுப்பில் விதிகளை வாசித்தாள். நிற்கிறவருக்கு வரி கட்டுகிற நிலம் கால் வேலி இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது. (கடைசி விதியைக் கேட்டு நான் தனியாகக் கை தட்டினேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தொழிலுக்கு இவ்வளவு மரியாதை!)

மற்ற பெண்கள் ஓலையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளைத் தாளை நீளவாக்கில் வெட்டியது. முதல் பெண் பெயர் சொன்னாள். மத்தியஸ்தர் கேட்டாள்: "உம் வீடு யார் மனையில இருக்கு?"

"எம் மனை இல்லீங்க."

"போ."

அடுத்தவள். அதே கேள்வி, அதே பதில், போ. மூன்றாவது, நாலாவது, அஞ்சாவது. கடைசியில் குடம் மட்டும் நடுவில். பொடியன் ஓடி வந்து உள்ளே கையை விட்டுத் துழாவினான். வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினான். ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், வணக்கம், நாடகம் முடிந்தது.

கொஞ்ச நேரம் யாரும் கை தட்டவில்லை. பிறகு முன்வரிசையில் சாக்கு மேல் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "சரியாத்தான கேட்டிருக்கா" என்று சத்தமாகச் சொன்னார். அப்புறம் தட்டினார்கள். அப்போதே கேம்ப்பைக் காலி செய்வது பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தப் பேச்சுதான்.

மூன்று நடுவர்களும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். ஆபீசர் சார் வரலாற்றுக்கு 4 போட்டிருந்தார். அவர் வாதத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது, அதில் நியாயம் இருந்தது. உத்திரமேரூரில் குடம் காலியாக இருந்ததே இல்லை. முப்பது குடும்புகள், அதாவது முப்பது வார்டு மாதிரி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓலை வந்தது. அதிலிருந்து ஆள் எடுத்தார்கள், ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஆண்டு வாரியம் ஒன்று என்று 360 நாள் வேலை பார்த்தார்கள். நடந்ததை நடித்துக் காட்டுவதுதான் போட்டி. நடக்காததை நடித்தால் அது கற்பனை நாடகம், அதற்கு வேறு தலைப்பு வையுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார், வயது 30-இலிருந்து 60 என்று தான் படித்ததாக. போனைத் தேய்த்துப் பார்த்ததில் இரண்டும் சரி. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இரண்டு இருக்கிறது. 919-இல் 30 முதல் 60, இரண்டு வருஷம் கழித்து 921-இல் 35 முதல் 70. இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள்.

டீச்சர் பத்துக்குப் பத்து. "மத்தவங்க குடத்தைத்தான் காட்டறாங்க. இதுங்க விதியைக் காட்டிருக்கு. விதிதானே சார் கல்வெட்டுல முக்காவாசி?" என்றார். அதுவும் உண்மை. அந்தக் கல்வெட்டைப் படித்தால் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதுதான் பக்கம் பக்கமாக வரும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. வேதம் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால் நில அளவில் கொஞ்சம் சலுகை கூட உண்டு. கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரர்கள் வரை தள்ளி வைத்தார்கள். உழுதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது, பெண்களுக்குக் கிடையாது. ஊர்தியில் இதையெல்லாம் ஏற்ற முடியாது, வாசகம் எழுதவே தடை. குடம் அழகாக இருக்கும், குடத்தை ஏற்றுவார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஜனநாயகத்தின் தாய் என்று சொல்லும்போது, அந்தத் தாய் யாருக்கெல்லாம் சோறு போட்டாள் என்று ஒரு வரியாவது வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அதே கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இருக்கிறது. ஓலையை எடுப்பது உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளித்து வைக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதையே வாசிக்க வேண்டும். தீர்ப்புச் சொல்கிறவன் கையையே முதலில் காட்டு என்கிறது. நடுவர்களுக்கு இதைவிடக் கறாரான விதியை நான் எங்கும் படித்ததில்லை. பிள்ளைகள் விரலை விரிக்கிற வேலையைப் பொடியனுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆள்தான் மாறிவிட்டது. அதற்காக நான் ஒரு மார்க் குறைத்து 9 போட்டேன்.

இதெல்லாம் எங்கே படித்தாய் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஆபீசர் சாருக்கு யாரோ பெரியவர்கள் எழுதிக்கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகம்.

"எங்க சோஷியல் புக்லயே இருக்கு அங்கிள். ஏழாங் கிளாஸ், ரெண்டாவது பாடம்."

பையனின் பழைய புத்தகத்தை வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு வரலாற்றில் சோழர் பகுதியில் ஒரு கட்டத்துக்குள் அந்தத் தகுதிகளைக் கொடுத்திருந்தார்கள். நிலம், சொந்த வீடு, வயது. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதியிருப்பார்கள், என் பையன் உட்பட. இவள் அதைப் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆட்களை அந்த வரிசையில் நிற்க வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஒருத்தியாவது உள்ள போறா மாதிரி வெச்சிருக்கலாமே" என்றார் ஆபீசர் சார், குரலைக் கொஞ்சம் தணித்து.

"யாரை அங்கிள்?" என்று கேட்டாள். நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டாள். சார் மார்க் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 4 என்பதை அவர் மாற்றவில்லை, நாங்களும் மாற்றச் சொல்லவில்லை.

கூட்டிப் பார்த்ததில் ராணி மங்கம்மாள் முதல், குடவோலை இரண்டாவது. ஒரே ஒரு மார்க் வித்தியாசம். மங்கம்மாளாக நடித்த பெண் அதற்குத் தகுதியானவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லாருக்கும் சான்றிதழ், ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ். சான்றிதழில் டீச்சர் தன் கையாலேயே பெயர், வகுப்பு, 'மதராசி கேம்ப், ஜங்புரா, புதுதில்லி' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்.

மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. ஜூன் 1-ஆம் தேதி முதல் அகற்றலாம் என்று. சாக்கடையின் நீரோட்டத்தை ஆக்கிரமிப்பு அடைக்கிறது, மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது என்பது காரணம். சுமார் 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று பட்டியலில் முதலில் வந்தது 189. நரேலா தில்லியின் வடக்கு எல்லை, ஜங்புராவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு. காலை ஆறரைக்கு ஜங்புராவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் சார் என்று என்னிடம் சில குடும்பங்கள் காகிதங்களைக் கொண்டு வந்தார்கள். ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் டைனிங் டேபிள் மேல் பரப்பி அடுக்குவோம், தங்கமணி டீ போட்டுக் கொடுப்பாள். தில்லியின் 2015 கொள்கைப்படி குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன் இருந்திருக்க வேண்டும், அந்தக் குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன் இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம் மாதிரி ஏதாவது வேண்டும். விதி என்று ஒன்று இருந்தால் ஆதாரம் கேட்கத்தான் செய்வார்கள், என் தொழிலே அது. ஆனால் ஒரு வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்த ஒருவர் தான் குடியிருந்ததை நிரூபிக்கப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்க்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்தார். விழுப்புரம் பக்கம், கல்யாணமாகி கேம்ப்புக்கு வந்தவர். பழைய அட்டைகள் எல்லாம் மாமியார் பெயரில். மாமியார் 2019-இல் காலமாகிவிட்டார். இவர்கள் பெயரில் இருப்பதெல்லாம் அதற்கப்புறம் எடுத்தவை. ஒவ்வொன்றாகத் தேதி பார்த்துத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியாக ஒரு அட்டையை மடங்காமல் எடுத்து நீட்டினார். எங்கள் சான்றிதழ்.

"இதுல கேம்ப் பேரு முழுசா எழுதியிருக்குங்க சார். டீச்சரம்மா கையெழுத்து இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. இது செல்லுமா?"

தேதி 2025 என்று சொன்னேன். பத்து வருஷம் பிந்திவிட்டது என்று சொன்னேன்.

"அப்ப அவளுக்கு ரெண்டு வயசுங்க" என்றார்.

அந்த 189-இல் அவர்கள் பெயர் வரவில்லை. ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. நான் போகவில்லை, டீச்சர் போனார். சராய் காலே கான் பக்கம் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அப்பா டிரைவர் வேலையில் தொடர்கிறார், அம்மாவுக்கு மூன்று வீட்டில் ஒன்று போய் இரண்டு நிற்கிறது. அவள் அதே பள்ளிக்குத்தான் போகிறாள், எட்டாம் வகுப்பு. ராணி மங்கம்மாள் குழுவில் இரண்டு குடும்பங்கள் நரேலா போய்விட்டன. பச்சை ஸ்வெட்டர் ராஜராஜன் ஊருக்கே போய்விட்டான்.

தீபாவளி கழிந்ததும் அடுத்த போட்டிக்காக மூன்று நடுவர்களும் எங்கள் வீட்டில் கூடினோம். எங்கே நடத்துவது என்பதில் இன்னும் முடிவு ஏற்படவில்லை, ஒரு பள்ளி ஆடிட்டோரியத்துக்குக் கேட்டிருக்கிறோம். ஆபீசர் சார் வழக்கம்போல் நுழைவுப் படிவம் டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தார். பெயர், வகுப்பு, முகவரி, பெற்றோர் கையெழுத்து. மார்க் ஷீட்டில் வரலாறு 10 என்பதற்குக் கீழே 'எந்தப் புத்தகத்தில் படித்தது' என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார், சோஷியல் புக் பாதிப்பு. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார், பேனா வாங்கி 'முகவரி' என்பதை அடித்துவிட்டு 'பள்ளி' என்று எழுதினார்.

"பள்ளி போதும்" என்றார் ஆபீசர் சார்.